இருவருக்கும் ஒரு மோரிஸ் மைனர்

செம்பவாங் கடற்படைத் தளத்தை மூடிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிய 1971ஆம் வருடம், அவர்கள் விட்டுப்போன சாமான்கள் சிங்கப்பூர் முழுக்கப் பரவின. குளிர்ப்பெட்டி, மின்விசிறி, தையல் மெஷின், நாய்க்குட்டி என்று ஆளுக்கொன்று கிடைத்தது. தளத்தின் கப்பல் பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்த பாலகிருஷ்ணனுக்கும், அங்கே கேன்டீனுக்குச் சாமான் போட்டுக்கொண்டிருந்த நாகூர் கனிக்கும் கிடைத்தது ஒரு கார். தனித்தனியாக வாங்க இரண்டு பேருக்கும் வசதி இல்லை. சேர்ந்து வாங்கினார்கள்.

வெளிறிய பச்சை நிற மோரிஸ் மைனர். ஒரு வாரம் பாலகிருஷ்ணனிடம், ஒரு வாரம் கனியிடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைமாறும். வண்டிப் பதிவு அட்டை கனியின் பெயரில் இருந்தது. சாவி இரண்டு. அண்ணன் தம்பிகள்கூட இப்படி ஒரு காரை வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டியிருக்க மாட்டார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். பாலகிருஷ்ணனுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கனி பிறகு டன்லப் ஸ்திரீட்டில் சொந்தமாக மளிகைக் கடை போட்டார். வீடு சுவா சூ காங்கில், காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பலகை வீடு. பாலகிருஷ்ணன் ஃபேரர் பார்க் பக்கத்தில் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். 1974ஆம் வருடம் ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அவர் மனைவி மங்களத்தின் தங்கைக்கு ஜொகூர் பாருவில் நிச்சயதார்த்தம். அது கனியின் வாரம். பாலகிருஷ்ணன் கேட்டதும், "எடுத்துட்டுப் போ, பாலா. ஞாயித்துக்கிழமை காலையில கொண்டாந்து விட்டுடு" என்றார் கனி. அவர் மனைவி சம்சுன்னிசாவுக்கு அப்போது மாதம் நிறைந்துகொண்டிருந்தது. நாள் இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலகிருஷ்ணன் கிளம்பத்தான் பார்த்தார். சம்பந்தி வீட்டார் சாப்பிடாமல் விடமாட்டோம் என்றார்கள். சாப்பிட்டதும் அசதியில் கண் அசந்துவிட்டது. பிறகு சிங்கப்பூருக்கு வரும் பாலத்தில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. சுவா சூ காங் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. வீடு பூட்டியிருந்தது.

அன்று காலையிலேயே சம்சுன்னிசாவுக்கு வலி கண்டுவிட்டது. முனையிலிருந்த கடையில் போன் போட்டும் டாக்சி வரவில்லை. கடைசியில் பக்கத்துத் தோட்டத்துச் சீனர் தன் காய்கறி லாரியில் ஏற்றிக்கொண்டார். அவர் மனைவியும் கூட வந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே, புக்கிட் தீமா சாலையில், கீரைக் கூடைகளுக்கு நடுவில் பிள்ளை பிறந்துவிட்டது. பெண் குழந்தை.

பாலகிருஷ்ணன் விஷயம் கேள்விப்பட்டு நேரே கே.கே. பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனார். தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்த கனி அவரைக் கண்டதும் கத்திவிட்டார். காலையில் வருகிறேன் என்றவன் பொழுதுசாய வருகிறாய், உனக்கு விருந்து பெரிதாகப் போய்விட்டது என்றார். போகிற வருகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பாலகிருஷ்ணனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தப்பு என்று தெரிந்தே அவர் வாய் வேறொன்றைச் சொல்லிற்று.

"லாரியில பொறந்தாலும் நல்லாத்தானே இருக்கு. இப்ப என்ன குடி முழுகிப் போச்சு?"

கனி சட்டைப் பையிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து, கார்ச் சாவியை மட்டும் கழற்றி, அங்கிருந்த பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அந்தச் சாவியை எடுத்து வந்த பாலகிருஷ்ணன் அடுக்குமாடிக்குப் பின்னாலிருந்த கார் நிறுத்துமிடத்தில், சுவரோரம் மோரிஸை நிறுத்தினார். கனியின் வாரம் வந்ததும் ஆள் விட்டுச் சொன்னார். "வேணாம்னுட்டார்" என்று பதில் வந்தது. கனி தொடாத காரைத் தான் மட்டும் ஓட்டிக்கொண்டு திரிந்தால் ஊர் என்ன சொல்லும் என்று பாலகிருஷ்ணனும் அதைத் தொடவில்லை. வேலைக்கு பஸ்ஸில் போய்வந்தார். ஒரு மழைக்காலம் முழுக்க அதன் மேல் பெய்து தீர்ந்தது. டயர்கள் தளர்ந்தன. கூரையில் இலைகள் மக்கின. மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண் அந்தப் பக்கம் போகாமல் இருக்கப் பழகிக்கொண்டது.

மங்களம் மட்டும் இந்தச் சண்டையில் சேரவில்லை. மிளகாய்த்தூளும் பருப்பும் கனியின் கடையில்தான் வாங்கினாள். பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு வாங்கிக்கொண்டு சுவா சூ காங்குக்கே போய்வந்தாள். குழந்தைக்கு நூருன்னிசா என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்று வந்து சொன்னாள். பாலகிருஷ்ணன் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டுக்கொண்டார்.

மறு வருடம் மே மாதம், எச்.டி.பி. வீடமைப்பு ஆபீஸ் ஆள் வந்து காரின் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனான். மாதக் கடைசிக்குள் எடுக்காவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மங்களம் கனியின் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு, ஒரு முடிவோடு வந்தாள். செம்பவாங்கில் இயேசுதாசன் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பழைய கார் தேடிக்கொண்டிருக்கிறார். கனியின் கடைக்கு வருகிறவர். கார் ஓடினால் வாங்கிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

"கனி பாயும் காலையிலயே வர்றாராம்" என்றாள் மங்களம். "நீங்களும் போய் நில்லுங்க. ஒத்த ஆளா அதைக் கெளப்ப முடியாதுன்னு அவருக்கும் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலகிருஷ்ணன் கீழே இறங்கியபோது கனி ஏற்கெனவே வந்திருந்தார். கைலியும் பனியனுமாக, கார் கூரையிலிருந்த இலைகளைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். சம்சுன்னிசா பிள்ளையோடு மேலே மங்களத்திடம் போய்விட்டாள். பாலகிருஷ்ணன் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கியதால் அவளைப் பார்க்கவில்லை.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

பாலகிருஷ்ணன் பானெட்டைத் திறந்தார். உள்ளே பூனை ஒன்று குடியிருந்ததற்கு அடையாளமாக மயிரும் ஒரு மீன்முள்ளும் கிடந்தன. பேட்டரி அடியோடு செத்துவிட்டது. கீழ்வீட்டு டாக்சிக்காரர் செல்லக்கண்ணுவிடம் ஒரு பேட்டரி இரவல் வாங்கி வைத்திருந்தார். அதைத் தூக்கி வைத்து, வயரை எடுத்து மாட்டப் போனார்.

"மாத்து" என்றார் கனி.

பாலகிருஷ்ணன் நிமிர்ந்தார்.

"இந்த வண்டியில பாடிக்கு பிளஸ்தான் வரும். மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தது. மாற்றி மாட்டினார். ஒரு வருடத்தில் கனி அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். கனி அதைச் சொல்லிவிட்டு, பேசியதற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டவர் போல ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு அப்பால் போய் நின்றார்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சுற்றியது. ஆனால் சுற்றியதோடு சரி. திரும்பத் திரும்பச் சுற்றியும் ஒரு இருமல்கூட வரவில்லை. பாலகிருஷ்ணன் ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு சேர்த்து எஞ்சினின் இரும்பில் சாய்த்து வைத்தார். இனி ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும், இன்னொருவர் இங்கே நின்று பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மாடியைப் பார்த்தார். மங்களம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் கூப்பிட்டாலும் இறங்கி வரமாட்டாள் என்று தோன்றியது.

"பாய், சாவியக் கொஞ்சம் திருப்புங்க" என்றார். பிறகு, "சிகரெட்ட அணைச்சுட்டு" என்றார்.

கனி அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பொறி வந்தது, ஆனால் மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி வந்தது. மின்சாரத்தைப் பிரித்து விடுகிற டிஸ்டிரிபியூட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பாயிண்ட் முனைகளில் ஈரம் பிடித்துப் பூத்திருந்தது. தீப்பெட்டியின் பக்கப் பட்டையை வைத்து பாலகிருஷ்ணன் தேய்த்தார். மறுபடி பார்த்தபோது பொறி நீலமாக, சத்தத்தோடு தெறித்தது.

"நெருப்பு இருக்கு" என்றார். "எண்ணெய்தான் வரல."

கனி காரிலிருந்து இறங்காமலே காதைச் சாய்த்தார். "பம்ப் சத்தமே கேக்கலயே, பாலா."

அது உண்மை. சாவியைத் திருப்பினால் அந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் டக்டக்கென்று அடித்துக்கொள்ளும். பெட்ரோல் நிறைந்ததும் தானாக நிற்கும். மூன்று வருடம் தினமும் காலையில் கேட்ட சத்தம். இப்போது இல்லை. பாலகிருஷ்ணன் ஸ்பேனரின் பிடியால் பம்பின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினார். டக், டக், டக் என்று அடித்துவிட்டு நின்றது.

"நிறைஞ்சிடுச்சு" என்றார் பாலகிருஷ்ணன்.

மறுபடி முயன்றார்கள். எஞ்சின் சுற்றியது, எரியவில்லை. செல்லக்கண்ணுவின் பேட்டரி தளர ஆரம்பித்தது. வெயில் ஏறிவிட்டது. கனி ஒன்றும் சொல்லாமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பழைய கனியாக இருந்தால் இந்நேரம் வண்டியை விற்றுவிட்டுப் போன வெள்ளைக்காரனின் பரம்பரையையே இழுத்திருப்பார். இந்த மௌனம்தான் பாலகிருஷ்ணனுக்குத் தாங்கவில்லை. டேங்க்கில் இருப்பது ஒரு வருடத்துப் பெட்ரோல், அதனால்தான் இருக்கும் என்று சொல்லி, தகர டின்னை எடுத்துக்கொண்டு சிராங்கூன் ரோட்டிலிருந்த பெட்ரோல் நிலையத்துக்கு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பூக்கடைகளில் ஆட்கள் நின்றார்கள். பாதையை விட்டுச் சாலையில் இறங்கித்தான் நடக்க முடிந்தது. டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கையில், கனியிடம் சொல்ல வேண்டியதை அவர் மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். ஆரம்பம் வந்தது. அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. பெட்ரோல் வாங்கிக்கொண்டு அதே வழியில் திரும்பினார்.

வந்து பார்த்தால், கனி டேங்க்கின் அடித்திருகைக் கழற்றிப் பழைய பெட்ரோலை ஒரு தகரத்தில் வடித்திருந்தார். பெயிண்ட் கடைக்குள் நுழைந்த மாதிரி வாடை அடித்தது. கார்புரேட்டரின் பக்கத்தில் பெட்ரோல் தேங்கி நிற்கிற சின்னக் கிண்ணத்தின் மூடியையும் திறந்து வைத்திருந்தார்.

"இதப் பாரு. பம்ப் நின்னதும் நிறைஞ்சிடுச்சுன்னு சொன்னியே" என்றார்.

கிண்ணத்துக்குள் ஒரு சொட்டு ஈரமில்லை. இருந்த பெட்ரோலெல்லாம் ஆவியாகிப் போய், அடியில் ஆறிய பாகு மாதிரிப் பழுப்பாக ஒரு படலம் ஒட்டியிருந்தது. பெட்ரோலை உள்ளே விடுகிற ஊசியும் அந்தப் பிசினில் ஒட்டி, வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பம்ப் தள்ளிப் பார்த்திருக்கிறது, வழியில்லாததால் நின்றிருக்கிறது.

பாலகிருஷ்ணன் மேலே போய், தீபாவளிக்குப் பெயிண்ட் அடித்ததில் மிஞ்சி வாசலோரம் இருந்த தின்னரை உள்ளே நுழையாமலே எடுத்து வந்தார். இருவரும் தரையில் குந்திக்கொண்டார்கள். கனி கிண்ணத்தைத் துடைத்தார். பாலகிருஷ்ணன் ஊசியைத் தின்னரில் ஊறப் போட்டு, துணியால் மெதுவாகச் சுரண்டினார். பிசின் இலேசில் விடவில்லை. அரிசி முனை அளவு திருகுகளைக் கனி தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அந்த நேரம் முழுக்க, "அதக் கொடு", "இந்தப் பக்கம் புடி", "போதும்லா, துளைய பெருசாக்கிடாத" என்பதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் காலையில் இருந்த மௌனமும் இல்லை.

எல்லாவற்றையும் மாட்டிப் புதுப் பெட்ரோலை ஊற்றினார்கள். சாவியைத் திருப்பியதும் பம்ப் கடகடவென்று அடித்து, வேகம் குறைந்து, யோசித்து, நின்றது. இந்தத் தடவை அது சொன்னது பொய்யில்லை.

பாலகிருஷ்ணன், குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிற சோக்கை இழுத்துவிட்டு சாவியைத் திருப்பினார். கனி ஒரு தேக்கரண்டி பெட்ரோலைக் கார்புரேட்டரின் வாயில் விட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். எஞ்சின் ஒரு முறை தும்மியது. பிறகு பின்னால் கறுப்பாகப் புகைந்து, உடம்பெல்லாம் ஆட, பிடித்துக்கொண்டது. நாலில் மூன்று சிலிண்டர்தான் ஓடிற்று. காலை எடுத்தால் நின்றுவிடும்.

"விடாத, விடாத. மிதிச்சுக்கிட்டே இரு" என்றார் கனி. அவர் கார்புரேட்டரின் பக்கத்திலிருந்து நகரவில்லை. கையால் எதையோ திருகிக்கொண்டும், குனிந்து கேட்டுக்கொண்டும் இருந்தார். செல்லக்கண்ணு சன்னலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அரை மணி நேரமாச்சும் ஓடணும், அப்பத்தான் கார்புரேட்டர் சுத்தமாகும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதனால் அவர்கள் நகர முடியாமல் போயிற்று. பாலகிருஷ்ணனின் கால் ஆக்சிலேட்டரில். கனியின் கை எஞ்சினில். திறந்திருந்த பானெட் நடுவில் மறைத்தது. அதன் அடியிலிருந்த இடுக்கில் கனியின் கைலியும் கையும் மட்டும் தெரிந்தன. முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

"பாய்" என்றார் பாலகிருஷ்ணன். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் பேசினது தப்பு. லேட்டா வந்ததும் தப்புதான். ஆனா அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது."

கனியின் கை அசைந்தது. "என்ன?"

"அன்னைக்கு நான் சொன்னது..."

"கேக்கல. கொஞ்சம் கொறை."

பாலகிருஷ்ணன் காலைத் தளர்த்தினார். எஞ்சின் இரண்டு முறை குலுங்கிவிட்டு நின்றுபோயிற்று.

கார் நிறுத்துமிடம் திடீரென்று அமைதியானது. மேலே யார் வீட்டிலோ வானொலியில் செய்தி வாசித்தார்கள். கனி பானெட்டைச் சுற்றிக்கொண்டு வந்து கதவின் பக்கத்தில் நின்றார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"இப்பச் சொல்லு" என்றார்.

பாலகிருஷ்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே அதையே மறுபடி சொன்னார். நிதானமாக, ஒன்றையும் விடாமல் சொன்னார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனதையும் சொன்னார். பாலத்தில் கூட்டம் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாரே தவிர, தூங்கியது மங்களத்தைத் தவிர யாருக்கும் தெரியாது.

கனி துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீ லேட்டா வந்தது ரெண்டு நாள்ல எனக்கு மறந்துபோச்சு" என்றார் பிறகு. "யாருக்கு வேணாலும் ஆவும். நானே தேதி இருக்குதுன்னு நம்பித்தானே கார் கொடுத்தேன். லாரியில நான் முன்னால டிரைவர் பக்கத்துல உக்காந்திருக்கேன். பின்னால அவ கத்துறா. அந்தச் சீனத்தி மலாய்ல பெரம்புவான், பெரம்புவான்னு பலகையத் தட்டிச் சொல்றா. பொண்ணு பொறந்திருக்குன்னு சொல்றாளா, உம் பொண்டாட்டி போயிட்டாள்னு சொல்றாளான்னு எனக்குத் தெரியல. அந்தப் பயம் ஆஸ்பத்திரி வரைக்கும் இருந்துச்சு. அத உங்கிட்டத்தான் சொல்லணும்னு இருந்தேன். நீ வந்து குடி முழுகிப் போச்சான்னு கேட்ட."

பாலகிருஷ்ணன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"அந்த ஒரு வார்த்தை இல்லன்னா, அடுத்த வெள்ளிக்கிழமையே நான் வண்டி எடுக்க வந்திருப்பேன்" என்றார் கனி.

அப்போது சம்சுன்னிசா ஒரு கையில் பிள்ளையும் இன்னொரு கையில் தேத்தண்ணீர்க் கூஜாவுமாக இறங்கி வந்தாள். பின்னால் மங்களம் கோப்பைகளைக் கொண்டுவந்தாள். எஞ்சின் நின்ற பிறகும் இரண்டு பேரும் அசையாமல் நின்றதை மாடியிலிருந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள் போலிருக்கிறது.

"பேசியாச்சா?" என்றாள் சம்சுன்னிசா.

கனி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாலாண்ணே, நான் ஒண்ணு சொல்றேன். லாரியில பெத்தவ நான். வலி எனக்கு. கோபம் மட்டும் இவருக்கு. என்னம்மா, உனக்கு எப்படி இருக்கு, அவர்கூடப் பேசலாமா வேணாமான்னு ஒரு தடவ, ஒரே தடவ, ரெண்டு பேருல யாராச்சும் என்னக் கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. அது பாலகிருஷ்ணனுக்கு அந்த நிமிடம் வரை தோன்றவே இல்லை.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னா, பாலாண்ணன் வந்து பிள்ளையப் பாக்கலயேன்னு எனக்கு வருத்தம். அதச் சொல்லியிருப்பேன். வேற ஒண்ணுமில்ல. இந்தாங்க."

பிள்ளையை அவர் மடியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றப் போனாள். நூருன்னிசா கனத்தாள். அவர் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். அழலாமா என்று யோசித்தாள். பிறகு ஸ்டியரிங்கில் கவனம் போய்விட்டது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு வாயால் கடிக்கப் பார்த்தாள். பாலகிருஷ்ணனின் கையெல்லாம் தின்னரும் எண்ணெயுமாக இருந்தது. பிள்ளையைத் தொடவும் முடியாமல் விடவும் முடியாமல் முழங்கைகளால் அணை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் முட்டியது. தின்னர் வாடை என்று சொல்லிக்கொண்டார்.

தேத்தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றபோது எஞ்சின் சூட்டில் இருந்ததால் உடனே பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் நாலாவது சிலிண்டரும் சேர்ந்துகொண்டது. சத்தம் மாறியதைக் கேட்டு கனி முதல்முறையாகச் சிரித்தார்.

"இனி நிக்க வச்சே ஓட்டுறதுல பிரயோசனம் இல்ல. ஒரு சுத்துப் போயிட்டு வந்தாத்தான் தெரியும்" என்றார்.

"நாங்களும் வர்றோம்" என்றாள் சம்சுன்னிசா. "இந்தப் பிள்ள இந்தக் கார்ல ஏறினதே இல்ல. வாத்தியார் எடுத்துட்டுப் போறதுக்குள்ள ஏறட்டும்."

ரோடு டாக்ஸ் முடிந்துபோயிருந்தது. அதைக் கனி ஒரு தடவை சொன்னார். பெண்கள் இருவரும் அதற்குள் பின்சீட்டில் ஏறிவிட்டார்கள். பாலகிருஷ்ணன் டிரைவர் சீட்டிலிருந்து எழுந்து, "நீங்க ஓட்டுங்க பாய்" என்றார்.

கனி ஓட்டினார். புக்கிட் தீமா சாலையில் கால்வாயை ஒட்டிக் கார் போயிற்று. மேடு வந்தபோது கொஞ்சம் திணறியது, பிறகு சமாளித்தது. டயரில் காற்றுக் குறைவாக இருந்ததால் கனமாக ஓடியது. ஒரு பஸ் நிறுத்தத்தைத் தாண்டியதும் சம்சுன்னிசா முன்னால் சாய்ந்து, "இங்கதான்" என்றாள்.

கனி ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. பாலகிருஷ்ணன் பார்த்தார். கால்வாய்ச் சுவர், ஒரு மரம், மரத்தடியில் காய்ந்த புல். எதிர்ச்சாலையில் வண்டிகள் போயின. நிச்சயதார்த்த வீட்டில் தான் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் இந்த இடத்தில் ஒரு லாரி நின்றிருக்கிறது. பஸ்ஸில் எத்தனையோ தடவை இந்த வழியாகப் போயிருக்கிறார். பார்த்ததில்லை.

"அந்தச் சீனத்தி அவ சட்டையக் கழட்டித்தான் பிள்ளையச் சுத்தினா" என்றாள் சம்சுன்னிசா மங்களத்திடம். "உள்சட்டையோட ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தா. இப்பவும் பிள்ளைக்குக் கீரை கொடுத்து அனுப்புறா. பல்லே முளைக்கல, கீரை."

மங்களம் சிரித்தாள். பாலகிருஷ்ணனும் சிரித்துவிட்டார். பிறகு திரும்பினார்கள்.

வாத்தியார் இயேசுதாசன் சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை மாற்றாமல் வந்திருந்தார். காரைச் சுற்றி வந்தார், கதவுகளைத் திறந்து மூடினார், குனிந்து அடியில் பார்த்தார். எத்தனை நாளாக நின்றது என்று கேட்டார். கனி மறைக்காமல் சொன்னார்.

"ஏன் நிறுத்தி வச்சீங்க? ஏதாச்சும் கோளாறா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கார்ல ஒண்ணுமில்ல, சார்" என்றார் கனி. "எங்களுக்குள்ளதான்."

வாத்தியார் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். கனியும் பாலகிருஷ்ணனும் பின்சீட்டில் முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டார்கள். அந்தக் காரில் அவர்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இவ்வளவு இடமில்லாத சீட்டில் எப்படி மூன்று வருடம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனோம் என்று கனி காதோடு சொன்னார்.

விற்காமல் வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவருக்கும் தோன்றாமல் இல்லை. மங்களம்கூடத் திரும்பும் வழியில் வாய் திறந்து கேட்டாள். ஆனால் கனிக்குக் கடைக்குச் சாமான் ஏற்ற ஒரு சின்ன வேன் தேவையாக இருந்தது. பாலகிருஷ்ணன் பஸ்ஸுக்குப் பழகிவிட்டார். பங்கு போட்ட காரால் ஒருமுறை பட்டது போதும் என்று இருவருமே நினைத்தார்கள். ஆனால் அதை ஒருவர் மற்றவரிடம் சொல்லவில்லை. வாத்தியாருக்கே கொடுத்துவிட்டார்கள். கனி கையெழுத்துப் போட்டார். சாவிகள் இரண்டையும் பாலகிருஷ்ணன் எடுத்துக் கொடுத்தார்.

டாக்ஸ் கட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்துப் புது பேட்டரியோடு வாத்தியார் வந்து காரை ஓட்டிக்கொண்டு போனபோது, கனி கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு வந்திருந்தார். கார் முனை திரும்பி மறைந்த பிறகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு தடவை தடுக்கிவிட்டு மறுபடி சீரானது.

"சோக்கை உள்ள தள்ள மறந்துட்டார்" என்றார் பாலகிருஷ்ணன்.

"மூக்குல பெட்ரோல் வாடை அடிச்சா தானாத் தள்ளுவார்" என்றார் கனி. "சாப்பாடு ஆச்சா உனக்கு?"

"இன்னும் இல்ல."

"வா, கடைப் பக்கம் போவோம். பிள்ளையும் அங்கதான் இருக்கு."

பாலகிருஷ்ணன் மேலே அண்ணாந்து, மங்களத்திடம் சாப்பாட்டுக்கு வரமாட்டேன் என்று சைகை காட்டினார். இருவரும் சிராங்கூன் ரோடு வழியாக நடந்தே போனார்கள். வழியில் கனி, வாங்கப்போகிற வேனைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.